கியூப்சாட்டுக்கு எத்தனை சோலார் செல்? எக்செல்லில் போட்டுப் பார்ப்போம்

சர்வதேச விண்வெளி நிலையத்தின் மின்சக்திக் கணக்குக்கு நாசா தனி நிரலே எழுதியது. 3யூ கியூப்சாட்டுக்கு (10 செ.மீ. கனசதுரம் மூன்றை அடுக்கிய அளவுள்ள குட்டி சாட்டிலைட்) ஒரு எக்செல் ஷீட் போதும். நம் உதாரணம்: 500 கி.மீ. உயரம், சராசரிச் செலவு 5 வாட், கேமரா எப்போதும் பூமியைப் பார்க்கிறது, பேனல்கள் அதற்கு நேர் எதிரே வானத்தைப் பார்க்கின்றன.

படி 1: வெயிலும் நிழலும்

பூமியின் ஆரம் 6378 கி.மீ.யோடு 500-ஐக் கூட்டினால் 6878. இதன் கனத்தை 398600-ஆல் (பூமியின் ஈர்ப்பு மாறிலி) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.2832-ஆல் பெருக்கினால் 5677 விநாடி, அதாவது ஒரு சுற்றுக்கு 94.6 நிமிடம். 6378/6878-க்கு நேர்மாறு சைன் 68 டிகிரி. இது நிழலின் பாதி. ஆக முழு நிழல் 136 டிகிரி, சுமார் 36 நிமிடம். மிச்சம் 59 நிமிடம் வெயில்.

படி 2: ஒரு செல் தருவது எவ்வளவு

30.2 சதுர செ.மீ. மூன்றடுக்கு செல், 29.5% செயல்திறன், சூரிய ஒளி சதுர மீட்டருக்கு 1361 வாட்: 1.2 வாட் வரும். இது 28 டிகிரி செல்சியஸில், புது செல்லுக்கு. 70 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 10% போய்விடும். இரண்டு ஆண்டுக் கதிர்வீச்சுக்கு 4%, டையோடு, வயருக்கு 4% கழியுங்கள். கையில் நிற்பது 1 வாட்.

படி 3: சராசரிக் கணக்கு

பேனலிலிருந்து நேரே சுமைக்கு (மின்சாரம் செலவழிக்கும் கருவிகளுக்கு) போகும் மின்சாரத்துக்கு 0.8, பேட்டரி வழியாகச் சுற்றிப் போவதற்கு 0.6 என்று செயல்திறன் வையுங்கள். (5×36/0.6 + 5×59/0.8) ÷ 59 = 11.3 வாட். 12 செல் போதும் என்று தோன்றும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 12 செல் போதுவது பேனல் சூரியனை நேராகப் பார்த்தால் மட்டும்தான்.

படி 4: டிகிரி டிகிரியாக

360 வரிசை போடுங்கள். ஒவ்வொன்றும் 1 டிகிரி, 0.263 நிமிடம். சூரியன் உச்சிக்கு நேரே இருக்கும் இடம் 0.

ஷீட்டின் முதல் பத்தியில் (column) கோணம். இரண்டாவதில் அதன் கொசைன். எதிர்ம எண் வந்தால் 0. எக்செல் ரேடியனில்தான் கொசைன் எடுக்கும். மாற்ற மறந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். மூன்றாவதில் செல் எண்ணிக்கை × கொசைன். நான்காவது பேட்டரி: பேனல் 6.25 வாட்டுக்கு (5/0.8) மேல் தந்தால் உபரி × 0.67 ஏறும், குறைந்தால் (5 − பேனல்×0.8)/0.9 இறங்கும். 0.67-ஐயும் 0.9-ஐயும் பெருக்கினால் அதே 0.6 தான். வாட்-மணியாக்க 0.263/60-ஆல் பெருக்க மறக்காதீர்கள். பேட்டரியை (37 வாட்-மணி, படி 5-இல் வரும்) 80%-இல் தொடங்குங்கள். கொள்ளளவைத் தாண்டாமல் வரம்பு கட்டுங்கள்.

இப்போது 21 செல் போடுங்கள்: உடம்பில் 7, விரியும் இரண்டு பேனலில் 14. அப்படியும் பற்றாது! ஒவ்வொரு சுற்றிலும் பேட்டரி 0.7 வாட்-மணி கீழே இறங்கும். நாளைக்கு 15 சுற்று, 11 வாட்-மணி நட்டம். காரணம் மூன்றாவது பத்தியிலேயே தெரியும். சூரியன் சாயச் சாய பேனல் தருவது குறைந்து, 73 டிகிரியிலேயே சுமைக்குப் போதாமல் போகிறது. நிழல் 36 நிமிடம்தான், பேட்டரியோ 56 நிமிடம் உழைக்கிறது. செலவை 4.5 வாட்டுக்கு இறக்கினால்தான் கணக்கு நேராகும்.

ஒரே ஒரு சுற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 0.7 வாட்-மணி இறக்கம் வரைபடத்தில் கண்ணுக்கே படாது. 15 சுற்றுக்கு இழுத்தால் சரிவு பளிச்சென்று தெரியும்.

படி 5: ஒப்பிடுதல்

கொசைன் பத்தியில் வெயில் உள்ள வரிசைகளுக்கு 1, நிழலுக்கு 0 போடுங்கள். இது சூரியனை நோக்கித் திரும்பும் சாட்டிலைட். 14 செல்லிலேயே சுற்றுக்கு 1.8 வாட்-மணி மிச்சம். செல் கூட்டுவதைவிட, படம் எடுக்காத நேரத்தில் முகத்தைத் திருப்புவது லாபம். படம் எடுக்கும் வரிசைகளுக்கு மட்டும் பழைய கொசைனை வைத்துக் கலந்தும் பாருங்கள்.

இதுவரை வைத்த 0.8-உம் 0.6-உம் உச்சத்திறன் தேடும் கன்வர்ட்டர் (செல்லை அதன் அதிகபட்ச வாட்டிலேயே ஓட்டும் கருவி) உள்ள இணைப்புக்கு. அது இல்லாத நேரடி இணைப்பை ஒப்பிட, 0.8-க்குப் பதில் 0.85, 0.6-க்குப் பதில் 0.65 போடுங்கள். ஆனால் அப்போது பேட்டரி மின்னழுத்தம்தான் பேனலை இழுத்துப் பிடிக்கும். செல் தன் உச்சத்தில் ஓடாது. செல்லின் 1 வாட்டையும் குறைக்காவிட்டால் காகிதத்தில் எப்போதும் நேரடி இணைப்பே ஜெயிக்கும்.

பேட்டரிக்கு: 21 செல் கணக்கில் ஒரு சுற்றில் 4.8 வாட்-மணி வெளியேறும். 2.6 ஆம்பியர்-மணி 18650 லித்தியம்-அயன் பேட்டரி செல் நான்கு என்றால் 37 வாட்-மணி, 13% இறக்கம். இரண்டு மட்டும் வைத்தால் 26%. ஆண்டுக்கு 5500 தடவை ஏறி இறங்கும் பேட்டரிக்கு 20%-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

படி 6: பீட்டா கோணம்

சூரியன் பாதைத் தளத்திலேயே இருப்பதாக இதுவரை வைத்துக்கொண்டோம். சூரியனுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையிலான கோணம்தான் பீட்டா. பூமத்திய ரேகைக்கு 51.6 டிகிரி சாய்வுள்ள பாதையில் அது 75 டிகிரி வரை போகும். வானம் பார்த்த பேனலின் கொசைனைப் பீட்டாவின் கொசைனாலும் பெருக்குங்கள். 60 டிகிரியில் உற்பத்தி பாதி. நிழல் 22 நிமிடமாகச் சுருங்கியும் இதற்குப் பயனில்லை, அந்தக் கூடுதல் வெயில் பேனலின் முதுகில்தான் விழுகிறது. நிழல் அதிகமான பீட்டா 0-தான் மோசமான நிலை என்பது சூரியனைத் தொடரும் பேனலுக்கு மட்டும் பொருந்தும். 0, 15, 30 என்று 75 வரை ஆறு முறை ஓட்டி, மின்சாரம் மிகக் குறைவாக மிஞ்சும் கோணத்துக்கும் போதுமான அளவு செல் வாங்குங்கள்.