ஒரே பானை பீன்ஸ், ஆளுக்கொரு சுவை

வேகவைத்த பீன்ஸைக் கொழுப்பில் தாளித்து மசிக்கும் மெக்சிகோ உணவான ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸை வீட்டில் செய்யும்போது, காரத்தையும் மசாலாவையும் பீன்ஸ் வேகும் பானையில் போடாதீர்கள். வெங்காயமும் உப்பும் மட்டும் சேர்த்துக் குழைய வேகவைத்து, அந்த நீரை வடித்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு பீன்ஸைப் பங்கு பிரித்து, ஒவ்வொரு பங்கையும் அவரவர் விருப்பப்படி தனியாகத் தாளித்து மசியுங்கள்.

இந்த உணவுக்குச் சுவை தருவது பெரும்பாலும் கொழுப்புதான். மிளகாய், சீரகம், பூண்டு ஆகியவற்றின் மணம் சூடான கொழுப்பில் நன்றாக இறங்கி, மசியல் முழுவதும் பரவிவிடும். ஆகவே கடைசிச் சில நிமிடங்களே போதும். மரபாகப் பயன்படுவது பன்றிக்கொழுப்பு. சைவர்களின் பங்குக்கு எண்ணெய், குழந்தைகளின் பங்குக்கு மிளகாயே வேண்டாம், மேலே கொஞ்சம் சீஸ் துருவினால் இன்னும் நல்லது. மசியல் இறுகினால் வடித்து வைத்த நீரையே ஊற்றுங்கள். அதிலுள்ள மாவுச்சத்தால் சுவை நீர்த்துப்போகாமல் பதம் தளரும். தக்காளியும் எலுமிச்சையும் கடைசியில்தான். புளிப்பு முன்னால் சேர்ந்தால் பீன்ஸ் சீக்கிரம் வேகாது.

மணப்பொருள்களைக் கடைசியில் சேர்க்கும் இந்த முறை எபசோட்டே என்ற மெக்சிகோ மூலிகைக்குப் பொருந்தாது, அது பீன்ஸ் வேகும் பானையிலேயே சேர வேண்டும். டின்னில் வரும் பீன்ஸில் பெரும்பாலும் உப்பு ஏற்கெனவே இருக்கும், தாளிக்கும்போது உப்பைக் குறையுங்கள். இந்த உணவுக்கு வழக்கமாகப் பயன்படும் புள்ளிகள் கொண்ட பின்டோ பீன்ஸுக்குப் பதில் ராஜ்மா என்றால், ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுவது கட்டாயம். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.