மருத்துவக் கல்லூரியில் கண்டுபிடிப்புக் குழு: வார்டு நோட்டிலிருந்து தொடங்கும் வழி

கண்டுபிடிப்புக் குழு என்றதும் முதலில் லோகோ வரைகிறார்கள். அடுத்து சேர்மன், செக்ரட்டரி, பொருளாளர். பிறகு டீன் குத்துவிளக்கேற்ற ஒரு தொடக்க விழா. இன்டர்னல் தேர்வுகள் நெருங்கியதும் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் மிஞ்சும்.

இங்கே சொல்லப்போவது வேறு வரிசை. முதலில் வார்டில் என்ன குறை என்று எழுதி வைக்கும் நோட்டு. அதைச் சுற்றி ஆட்கள். அதற்குப் பிறகுதான் பொறியாளர்கள், பொருட்கள், போட்டிகள். தமிழ்நாட்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. கூகுள் ஃபார்ம் செய்வது எப்படி, போஸ்டர் அடிப்பது எப்படி என்பதெல்லாம் இதில் கிடையாது.

படி 1: ஆறு முதல் எட்டுப் பேர், பதவி இல்லாமல்

இரண்டாம் ஆண்டில் மூவர், மூன்றாம் ஆண்டில் மூவர், சி.ஆர்.ஆர்.ஐ. (படிப்பு முடித்துக் கட்டாயப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்) ஒருவர் கிடைத்தால் போதும். முதலாண்டு மாணவர்களை முதல் பல்கலைக்கழகத் தேர்வு முடியும்வரை சேர்க்க வேண்டாம். அனாட்டமி அவர்களை விடாது, வார்டையும் அவர்கள் இன்னும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். சி.ஆர்.ஆர்.ஐ.யிடம் வேலை வாங்க நினைக்காதீர்கள், அவருக்குத் தூங்கவே நேரமிருக்காது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வார்டில் எது உடைகிறது என்பதை வேறு யாரையும்விட நன்றாகச் சொல்பவர் அவர்தான்.

முதல் ஆறு மாதம் யாருக்கும் பதவி கொடுக்காதீர்கள். பதவி வந்தால் சான்றிதழுக்காக ஆள் வரும், நோட்டு காலியாகவே கிடக்கும்.

கூட்டம் இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், கிளினிக்ஸ் முடிந்த மாலை. வகுப்பு நேரத்தைத் தொடவே கூடாது. தியரியில் 75 சதவீதம், செய்முறையில் 80 சதவீதம் வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது. ஒரு மாணவர் இதனால் தடுக்கப்பட்டாலும் கல்லூரி உங்கள் குழுவைத்தான் மூடும். பல்கலைக்கழகத் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் கூட்டமே இல்லை என்று முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். அறிவித்துவிட்டு நிறுத்திய குழு திரும்பி வரும். சொல்லாமல் நின்றுபோனது வராது.

ஒரு ஆசிரியர் வேண்டும். பலர் துறைத் தலைவரை (எச்.ஓ.டி.) தேடிப் போவார்கள். அசிஸ்டன்ட் புரொஃபசர் ஒருவரே நல்லது: வார்டில் இருப்பார், ஃபோனை எடுப்பார். சமூக மருத்துவத் துறையில் கிடைத்தால் இன்னும் வசதி. கணக்கெடுப்பு, மாதிரி அளவு, நெறிமுறைக் குழு (ஆய்வுகளுக்கு அனுமதி தரும் கல்லூரிக் குழு) விண்ணப்பம் எல்லாம் அவர்களுக்குத் தினசரி வேலை.

படி 2: குறை நோட்டு

குழுவின் சொத்து இதுதான். ஒரே கூகுள் ஷீட், ஏழு பத்தி: தேதி, வார்டு, நேரம், கண்ணில் பட்டது, யாருக்குச் சிரமம், இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், எத்தனை முறை நடக்கிறது. ஆளுக்கு வாரம் இரண்டு பதிவு. நோஷன், டிஸ்கார்ட் என்று அழகான கருவிகள் நிறைய உண்டு. வேண்டாம். போஸ்டிங்கில் நிற்பவர் ஃபோனில் அரை நிமிடத்தில் எழுதி முடிக்க வேண்டும். அதற்கு ஃபார்மும் ஷீட்டும் போதும்.

ஆறாவது பத்தியைப் பலர் காலியாக விடுவார்கள். விடக் கூடாது. பஞ்சை டேப் போட்டு ஒட்டுவது, கையுறையைக் கட்டித் தொங்கவிடுவது, சீட்டின் ஓரத்தில் பேனாவால் குறிப்பது என்று வார்டு ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கும் குறுக்கு வழிகள் அங்கேதான் வரும். நல்ல தீர்வு பல நேரம் அதிலிருந்தே பிறக்கிறது. பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்குக்கு டாக்காவில் டாக்டர் சயீபா அக்தர் 2000ஆம் ஆண்டில் செய்ததை நினைத்துப் பாருங்கள். ரப்பர் கதீட்டரின் நுனியில் ஆணுறையைக் கட்டி, கருப்பைக்குள் வைத்து, சலைன் ஏற்றி விரியச் செய்தார். மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் பொருட்கள். விலை உயர்ந்த பலூனுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

நோட்டில் எழுதக் கூடாதவை: நோயாளியின் பெயர், உள்நோயாளி (ஐ.பி.) எண், படுக்கை எண், முகம். புகைப்படமே வேண்டாம். முகத்தை மறைத்துவிட்டோம் என்பார்கள், பின்னால் கேஸ் ஷீட் தெளிவாகத் தெரியும். கையால் ஒரு கோட்டுப்படம் வரைந்து, அதைப் படமெடுத்துப் போடுங்கள்.

படி 3: தேவையை ஒரு வாக்கியமாக்குவது

எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டு மாதத்தில் ஷீட்டில் சுமார் நூறு வரி சேர்ந்திருக்கும். அதில் ஒன்று கட்டாயம் இப்படி இருக்கும்: "சலைன் பாட்டில் தீர்ந்தால் ஒலிக்கும் அலாரம் தேவை." தமிழ்நாட்டில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்த பாதிப் பேர் இந்த அலாரத்தைப் புராஜெக்டாகச் செய்திருப்பார்கள். பொது வார்டுகளில் அதைக் காண முடிகிறதா?

அந்த வாக்கியத்தில் தேவை எங்கேயும் இல்லை, தீர்வுதான் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பயோடிசைன் பயிற்சியிலிருந்து பரவிய ஒரு எளிய அச்சு உண்டு: என்ன சிக்கல், யாருக்கு, எது மாறினால் தீர்ந்ததாக அர்த்தம். மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும், பொருளின் பெயர் வரக் கூடாது. அதன்படி மாற்றினால்:

"இரவு ஷிஃப்டில் ஒரே நர்ஸ் பல படுக்கைகளைப் பார்க்கும் பொது வார்டில், டிரிப் முடிந்தது கவனிக்கப்படாமல் கேனுலா (ரத்தக்குழாயில் செருகிய சிறு குழாய்) அடைத்துக்கொண்டு மறுபடி குத்த வேண்டிய தடவைகளைக் குறைக்க ஒரு வழி."

இப்போது எண்ண ஒரு பொருள் கிடைத்துவிட்டது: மறுபடி குத்திய தடவைகள். இது பெரும்பாலும் எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது, நீங்கள்தான் ஒரு வாரம் உட்கார்ந்து எண்ண வேண்டும். எண்ணும்போதே வாக்கியம் மாறும். அடைப்புக்குக் காரணம் தீர்ந்த பாட்டில்தானா, நோயாளி கையை மடக்கியதா, ஒட்டிய டேப் பிடிக்காததா என்று பிரித்துக் குறியுங்கள். பாதிக்கு மேல் டேப் என்று வந்தால் அலாரம் வைத்து என்ன பயன்?

காரணம் தீர்ந்த பாட்டில்தான் என்று வந்தால்கூட, மிக மலிவான தீர்வை முதலில் வைத்துப் பாருங்கள். சாதாரண டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500 மில்லி எட்டு மணி நேரத்தில் போக வேண்டுமென்றால் 10,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்குச் சுமார் 21 சொட்டு. பாட்டிலில் ஒரு டேப் ஒட்டி, மணிக்கணக்கில் கோடு போட்டு, முடியும் நேரத்தை எழுதினால் அட்டெண்டரே பார்த்துச் சொல்லிவிடுவார். நர்சிங்கில் இது பழைய வழக்கம்தான். செலவு ஒரு மார்க்கர் பேனா. இதன் ஓட்டையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: கையை உயர்த்தினாலோ, சொட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரோலர் கிளாம்ப் நழுவினாலோ சொட்டு வேகம் மாறிவிடும், எழுதிய நேரம் பொய்யாகும். டேப் வைத்துப் பார்த்த பிறகும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். மின்னணுக் கருவி செய்யத் தகுந்த பகுதி அந்த மிச்சம்தான்.

எண்ணத் தொடங்குவதற்கு முன் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் போங்கள். "வெறும் கணக்கெடுப்புதானே, அனுமதி எதற்கு" என்று நீங்களே முடிவு செய்ய முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி, விலக்கு உண்டா, விரைவு ஆய்வா, முழுக் குழு ஆய்வா என்பதை அந்தக் குழுதான் தீர்மானிக்கும். விண்ணப்பத்தில் ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். நெறிமுறைக் குழு எப்போது கூடும் என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ப நாள் குறியுங்கள், ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது வரை கை கட்டி உட்கார வேண்டும். இந்த ஒரு வாரக் கணக்கை நன்றாக விரித்து எழுதினால் ஐ.சி.எம்.ஆர். குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கே விண்ணப்பமாக்கலாம். 1979இலிருந்து நடக்கும் திட்டம், ஆய்வுக்காலம் இரண்டு மாதம். ஜூனியர்களைக் குழுவுக்குள் இழுக்க இதைவிட நல்ல காரணம் இல்லை.

படி 4: பொறியாளர்களை வார்டுக்கு அழைப்பது

அருகிலுள்ள பயோமெடிக்கல் அல்லது எலக்ட்ரானிக்ஸ் துறையிலிருந்து மூன்று பேர். அவர்களை உங்கள் அரங்கில் உட்கார வைத்து ஸ்லைடு காட்டாதீர்கள். இரண்டு மணி நேரம் வார்டின் ஓரத்தில் நிற்க வையுங்கள். அதற்கு மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்து அனுமதி, இரண்டு கல்லூரிகளின் அடையாள அட்டை, படம் எடுப்பதில்லை என்ற கையெழுத்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மூன்று டோஸ் முடிய ஆறு மாதமாகும், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டாஃப் நர்ஸிடம் தனியாகப் போய் அனுமதி கேளுங்கள். அது எந்தக் காகிதத்திலும் இருக்காது, ஆனால் சிஸ்டருக்குப் பிடிக்காத கருவி அந்த வார்டில் ஒரு நாள்கூட ஓடாது.

படி 5: பெட்டி ஒன்று, ஆய்வகம் வேண்டாம்

பாட்டிலை எடைபோட்டு, தீரும்போது ஒலிக்கும் கருவியையே எடுத்துக்கொள்வோம். பொருட்கள் வாங்க சென்னையில் என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் ஆன்லைன். ஈ.எஸ்.பி.32 போர்டு (நிரல் ஓடும் சிறு கணினி) இரண்டு, ஒரு கிலோ லோட் செல் (எடை உணரி) ஒன்று, எச்.எக்ஸ்.711 (அந்த எடையை எண்ணாக மாற்றும் சில்லு) ஒன்று, பிரெட்போர்டு, ஜம்பர் ஒயர், பஸ்ஸர், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன். கடைக்குக் கடை விலை மாறினாலும் மூன்றாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். 3டி பிரிண்டர் வாங்க நிதி கேட்காதீர்கள். தேவைப்படும்போது வெளியே கொடுத்து அடித்துக்கொள்ளலாம்.

ஐந்து கிலோ லோட் செல் சுலபமாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடுவார்கள். 500 மில்லி பாட்டில் நிறைந்திருக்கும்போதே அரைக் கிலோவைச் சற்றுத்தான் தாண்டும், அதில் சிறு மாற்றம் ஒரு கிலோ செல்லில்தான் தெளிவாகத் தெரியும். யாராவது ஸ்டாண்டில் இடித்தால் அளவு எகிறும், அதனால் குறைந்தது பத்து வினாடி சராசரி எடுங்கள். மணிக்கணக்கில் சுமை தொங்கினால் செல்லின் அளவு மெல்ல நகரும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்தச் சொல்வது தீர்வல்ல, இரவு ஷிஃப்டில் யாரும் அதை அழுத்த மாட்டார்கள். எடை திடீரென ஏறினால் புது பாட்டில் என்று நிரலே புரிந்துகொள்ள வேண்டும்.

சோதனை எல்லாம் மேசைமேல், தண்ணீர் பாட்டிலில். நோயாளியின் பக்கத்தில் எதையும் கொண்டுபோக வேண்டாம், பவர் பேங்கில் ஓடினாலும்கூட. 2017 மருத்துவக் கருவி விதிகள் கருவிகளை ஆபத்து அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று பிரிக்கின்றன: ஏ தாழ்ந்த படி, டி உச்சி. இதய வால்வு உச்சியில். புதுக் கருவியை மனிதர்மேல் சோதிப்பது உரிமமும் அனுமதியும் வேண்டிய வேலை, மாணவர் குழுவின் வேலை மேசையோடு முடிகிறது. இருநூறு ரூபாய் ஆக்ஸிமீட்டர் சென்சாரை நண்பர் விரலில் மாட்டி "98 காட்டுகிறது" என்று மகிழ்வதும் சோதனை ஆகாது. விரலை அழுத்தும் விதம் மாறினாலே அளவு மாறும்.

படி 6: இன்ஸ்டாகிராமுக்கு முன் காப்புரிமை

முன்மாதிரி ஓடியதும் கை தன்னால் ரீல் எடுக்கப் போகும். நிறுத்துங்கள். பொதுவில் காட்டிய பிறகு "புதியது" என்று சொல்ல முடியாது. 12 மாதச் சலுகை இந்தியச் சட்டத்தில் உண்டு, ஆனால் அது அறிஞர் சங்கக் கூட்டத்தில் வாசித்த கட்டுரை, அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில வகைகளுக்குத்தான். கல்லூரி ஃபெஸ்ட்டும் ரீலும் அதில் சேராது.

வழி எளிது: காப்புரிமைக்கான தற்காலிக விவரக்குறிப்பை (புரொவிஷனல் ஸ்பெசிஃபிகேஷன்) முதலில் தாக்கல் செய்யுங்கள். தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் மின்வழி அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்புக்கு 12 மாத அவகாசம். யார் பெயரில் என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இரு கல்லூரிகளுக்கும் தனித்தனி அறிவுசார் சொத்துக் கொள்கை இருக்கலாம். இன்னொன்று: சிகிச்சை முறைக்குக் காப்புரிமை கிடைக்காது, பிரிவு 3(ஐ) அதை விலக்குகிறது. கருவிக்குக் கிடைக்கும்.

ஹேக்கத்தான் (ஓரிரு நாளில் தீர்வு உருவாக்கும் போட்டி)? முதல் ஆண்டு வேண்டாம். நடத்தியே ஆக வேண்டுமென்றால் நோட்டிலிருந்து ஐந்து தேவை வாக்கியங்களை மட்டும் கொடுங்கள், நடுவர்களில் ஒருவர் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கட்டும்.

படி 7: கைமாற்றம்

குழுக்கள் செத்துப்போவது பெரும்பாலும் கடவுச்சொல்லால். ஷீட் ஒரு சீனியரின் சொந்த ஜிமெயிலில் இருக்கும். அவர் நீட் பி.ஜி.க்குப் படிக்கப் போய்விட்டார், ஓ.டி.பி. அவருடைய பழைய எண்ணுக்குப் போகிறது. முதல் நாளே குழுவின் பெயரில் தனி முகவரி எடுங்கள், மீட்பு எண்ணாக ஆசிரியருடையதைக் கொடுங்கள். பொறுப்பை மூன்றாம் ஆண்டிலேயே கைமாற்றுங்கள். இறுதியாண்டு வரை வைத்திருந்தால் தேர்வும் சி.ஆர்.ஆர்.ஐ.யும் விழுங்கிவிடும்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் மூன்று விஷயங்கள் மேலே விடுபட்டிருந்தன.

கூட்டத்துக்கு மாணவிகள் வருவதில்லை என்று பலர் எழுதினார்கள். நேரத்தைப் பாருங்கள். ஏழு மணிக்கு வைத்தால் பெண்கள் விடுதி வருகைப்பதிவும், வீட்டிலிருந்து வருபவர்களின் கடைசி கல்லூரிப் பேருந்தும் இடிக்கும். ஐந்துக்குத் தொடங்கி ஆறுக்கு முடியுங்கள்.

நோட்டில் ஒரு துறையின் குறை ஏறியதால் எச்.ஓ.டி. கோபித்துக்கொண்ட கதையும் வந்தது. "வார்டு" பத்தியில் துறைப் பெயர் வேண்டாம், "அறுவை சிகிச்சை சார்ந்த வார்டு" என்ற அளவில் நிறுத்துங்கள். பார்க்கும் உரிமையைக் குழுவுக்கு வெளியே கொடுக்காதீர்கள்.

பக்கத்தில் பொறியியல் கல்லூரி இல்லாதவர்களுக்கு: மருத்துவமனையின் கருவிகளைப் பழுதுபார்க்க வரும் பயோமெடிக்கல் பொறியாளரைப் பிடியுங்கள். எந்தக் கருவி எதனால் அடிக்கடி படுக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். பயனற்றது என்று கழித்து (கண்டம் செய்து) மூலையில் போட்ட பொருட்களையும் அவரோடு போய்ப் பாருங்கள். அரசுச் சொத்து என்பதால் ஒரு திருகாணிகூட எழுத்து அனுமதி இல்லாமல் வெளியே எடுக்க முடியாது. அங்கேயே திறந்து பார்த்து வரைந்துகொள்ள அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.