சிலிண்டர் பவர் பாக்கும்போது புதுசா வர்றவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

பேரணாம்பட்டு பக்கம் ஒரு கண் கேம்புல புது பசங்க கண்ணாடிக்கு பவர் பாக்கறத பக்கத்துல உக்காந்து பாத்துகிட்டு இருந்தேன், முன்னாடி எங்க செட்டு பண்ண அதே தப்புங்க அச்சு மாறாம அப்படியே நடக்குது. பிளஸ் மைனஸ் மாத்தி எழுதறது, பாயின்ட் வெக்க மறக்கறது இதெல்லாம் ரெண்டு திட்டு வாங்குனா தானா போயிடும், அத இங்க பேசல. அஸ்டிக்மாட்டிசம், நம்ம ஆளுங்க பாஷையில சிலிண்டர், அதுல பண்ற தப்புங்கள மட்டும் சொல்றேன். கார்னியா, அதாவது கண்ணு முன்னால இருக்கற கண்ணாடி மாதிரி படலம், ஒரு திசையில கூடுதலாவும் இன்னொரு திசையில கம்மியாவும் வளைஞ்சிருக்கறதாலதான் பெரும்பாலும் இது வருது, அந்த வளைவு பொறந்ததுல இருந்து கிழவனாகற வரைக்கும் மாறிகிட்டே இருக்கும். எந்த வயசுல எந்தப் பக்கம் எவ்ளோ வேகமா மாறுதுனு பாக்கறதுல பாதி வேலை இருக்கு.

மிஷின் சீட்ட அப்படியே காப்பி அடிக்கறது

பவர் அளக்கற மிஷின் துப்பற சீட்ட காப்பி அடிக்காதீங்க. கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிச்சு நாமளே பவர் பாக்கற ரெட்டினோஸ்கோப்ப கையில எடுங்க.

ஆக்ஸிஸ்ல அசால்ட்டா இருக்கறது

பவர கரெக்டா புடிச்சிட்டு ஆக்ஸிஸ, அதாவது சிலிண்டர் எந்தக் கோணத்துல உக்காரணும்ங்கறத, "கிட்டத்தட்ட சரி"னு விட்டுடறாங்க. 10 டிகிரி தப்பானா சிலிண்டர்ல மூணுல ஒரு பங்கு திருத்தாமயே நிக்கும், 30 டிகிரி தப்பானா கண்ணாடி போட்டும் சிலிண்டர் கொஞ்சம்கூட குறையாது, அதே அளவு வேற ஆக்ஸிஸ்ல போய் உக்காந்துக்கும். அரை சிலிண்டருக்கு, அதாவது 0.5 டயாப்டருக்கு (பவர அளக்கற அலகு), பெருசா தெரியாது, 3 சிலிண்டர் உள்ள ஆளுக்கு 10 டிகிரி தப்பு விட்டா ஒரு முழு சிலிண்டர் மிச்சம் நிக்குது, அப்புறம் அவரு "கண்ணாடி செட்டாகல, தல வலிக்குது"னு வந்தா நாம "போட்டு பழகுங்க"னு அனுப்பிடறோம். ஆக்ஸிஸ சரிபாக்கற கிராஸ் சிலிண்டர் லென்ஸ வெச்சு பாக்க கூட ரெண்டு நிமிஷம்தான் ஆகும். கடையில ஃபிட்டிங் பண்றவங்களும் இத கவனிக்கணும், ரவுண்டு ஃப்ரேம்ல ஸ்க்ரூ லூசாச்சுன்னா லென்ஸ் உள்ளயே சுத்திக்கும், பவர் கரெக்ட்டா இருந்தும் பார்வை மங்கும்.

சிலிண்டர் ஏற ஏற கண்ணாடிய மட்டும் மாத்திக்கிட்டே போறது

எனக்கு இன்னைக்கும் ஆத்தாமையா இருக்கற தப்பு இதுதான்.

குடியாத்தம் பக்கம், தறி ஓட்டற வீட்டு பையன், பாலிடெக்னிக் படிக்கறான். அவங்கம்மா ஒரு மஞ்சப்பையில பழைய கண்ணாடிங்க, சீட்டுங்க எல்லாத்தையும் போட்டு எடுத்துகிட்டு வந்தாங்க. சீட்டுங்கள தேதி வாரியா மேசையில அடுக்கிப் பாத்தேன், வலது கண்ணு முக்கால் சிலிண்டர்ல ஆரம்பிச்சு, அடுத்தது 2, அதுக்கடுத்தது மூணரை, ஆக்ஸிஸ் ஒவ்வொரு தடவையும் ஒரு எடத்துல, எல்லாம் ரெண்டு வருஷத்துக்குள்ள. ஒவ்வொண்ணும் வேற வேற கடை, வேற வேற கேம்பு, எல்லாருமே புது கண்ணாடிய எழுதிக் குடுத்திருக்காங்க, ஒருத்தர்கூட ஏன் இவ்ளோ வேகமா ஏறுதுனு கேக்கல. அம்மா சொல்றாங்க, "இன்னா சார் இது, பவரு ஏறிகினே போவுது, ராத்திரில போன் பாத்துகினே கெடக்கறான், அதாலதான சார்?" போன புடுங்கி வெச்சிட்டாங்களாம், பையன் தல குனிஞ்சு உக்காந்திருக்கான், கண்ண கசக்கிகிட்டே.

நல்ல கண்ணாடி போட்டும் அந்தக் கண்ணுல 6/18 (நல்ல கண்ணு 18 மீட்டர்ல படிக்கற எழுத்த 6 மீட்டர்லதான் படிக்கறது) தாண்டல, பின் ஹோல், அதாவது சின்ன ஓட்டை உள்ள தட்டு, வெச்சா 6/9 படிக்கறான். ரெட்டினோஸ்கோப்புல வெளிச்சம் கத்திரிக்கோல் மாதிரி ரெண்டா பிரிஞ்சு மூடுது. கெரட்டோகோனஸ். கார்னியா மெலிஞ்சு கூம்பா முன்னால தள்ளிகிட்டு வர்ற நோய். கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டோபோகிராஃபி, அதாவது கார்னியா வளைவோட மேப், எடுத்ததுல இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருந்தது. இடதுக்கு கிராஸ் லிங்கிங், அதாவது கார்னியாவ கெட்டியாக்கற சிகிச்சை, பண்ண முடிஞ்சது, வலதுக்கு முடியல, அதுக்குள்ள அவ்ளோ மெலிஞ்சிடுச்சு. ரெண்டாவது சீட்டு எழுதுனவர் அன்னைக்கே அனுப்பியிருந்தா வலதுக்கும் வழி இருந்திருக்கும், அந்த சீட்ட நெனச்சாலே எனக்கு கோவம் வருது.

சாதாரண அஸ்டிக்மாட்டிசம் வயசுப் பசங்களுக்கு இப்படி தாவாது, ரெண்டு மூணு வருஷத்துல கால், அரைனு நகரும், அவ்ளோதான். ஒரே வருஷத்துல 1 டயாப்டர் சிலிண்டர் ஏறுச்சுன்னா அது கண்ணாடிக்கடை விஷயம் இல்ல. ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் பெரிய வித்தியாசம், ஆக்ஸிஸ் தடவைக்கு தடவை ஓடறது, கெரட்டோமெட்ரி, அதாவது கார்னியா வளைவோட அளவு, 47, 48 டயாப்டருக்கு மேல போறது, எந்த பவர் போட்டும் கடைசி வரி வராதது, இதுல ஒண்ணு இருந்தாகூட அனுப்புங்க. பேஷன்ட்ட கேளுங்க, நிலா ஒண்ணா தெரியுதா ரெண்டு மூணா தெரியுதா, ராத்திரி பெங்களூர் ஹைவேல எதுக்க வர்ற லாரி லைட்டு கோடு கோடா இழுக்குதானு. ஒத்தக் கண்ண மூடிட்டு பாத்தும் நிழல் உருவம் தெரியுதுன்னா கண்டிப்பா சந்தேகப்படணும். நோய் உறுதியாச்சுன்னா கூடப்பொறந்தவங்களையும் வரச் சொல்லி பாருங்க, குடும்பத்துல ஓடறது உண்டு.

இன்னொண்ணு, கண்ண கசக்கறது. நம்ம ஊர் வெயிலும் தூசும் தெரிஞ்சதுதான், கத்திரி ஆரம்பிச்சா ஸ்கூல் பசங்க, முக்கியமா ஆம்பள பசங்க, அலர்ஜியில கண்ணு செவந்து கை முட்டியால தேச்சுகிட்டு வருவாங்க. அந்தத் தேய்ப்பு கெரட்டோகோனஸ கிளப்பி விடும், இருக்கறத வேகமாக்கும். பவர் மட்டும் பாத்துட்டு அனுப்பாதீங்க, அலர்ஜிக்கு வைத்தியம் பாக்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் ஐஸ் தண்ணில நனைச்ச துணிய கண்ணு மேல வெக்கச் சொல்லுங்க. மெடிக்கல்ல அவங்களா ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாசக்கணக்குல ஊத்தறாங்களானு தவறாம விசாரிங்க, அரிப்பு அடங்கிடும், ஆனா கண் பிரஷர் ஏறி நரம்பு போயிடும், போன நரம்பு திரும்பாது.

கிராஸ் லிங்கிங்க நம்ம ஊர்ல சி3ஆர்னு சொல்வாங்க. வைட்டமின் பி2, அதாவது ரிபோஃப்ளேவின் சொட்ட அரை மணி நேரம் ஊத்தி, அப்புறம் புற ஊதா வெளிச்சம் காட்டி கார்னியாவ கெட்டியாக்கறது, பழைய முறையில அதுவும் அரை மணி நேரம். மனுஷங்களுக்கு பண்ண முதல் ரிசல்ட்டுங்க 2003ல ஜெர்மனில இருந்து வெளிவந்தது. வழக்கமான முறைக்கு கார்னியா 400 மைக்ரானாவது இருக்கணும், நார்மல் சுமார் 540. வீட்டுக்காரங்களுக்கு முன்னாடியே தெளிவா சொல்லிடுங்க, இது ஏறறத நிறுத்தறதுக்கு, ஏறுனத எறக்கறதுக்கு இல்ல. அதுக்கப்புறமும் கண்ணாடியோ, முத்திப்போனா ஆர்ஜிபி லென்ஸோ (கெட்டியான கான்டாக்ட் லென்ஸ்) ஸ்க்லீரல் லென்ஸோ (வெள்ளை விழி மேல உக்காரற பெரிய லென்ஸ்) வேணும், ரொம்ப கடைசியில கார்னியா மாத்தற ஆபரேஷன். அந்தப் பையன் இப்ப வலதுக்கு ஆர்ஜிபி போட்டுகிட்டு படிக்கறான்.

செலவுக்கு பயந்து அனுப்பாம விடாதீங்க, அந்த மஞ்சப்பைக்குள்ள இருந்த கண்ணாடிங்களோட காசக் கூட்டுனாலே டோபோகிராஃபிய தாண்டும். வேலூர்ல ஆரணி ரோட்டுல சிஎம்சியோட ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கு, எந்த ஊர்க்காரங்களுக்கும் வழி தெரியும்.

வயசானவங்களுக்கு ஆக்ஸிஸ் திரும்புனா மிஷின் கோளாறுனு நெனைக்கறது

சின்ன வயசுல மைனஸ் சிலிண்டரோட ஆக்ஸிஸ் 180 டிகிரி பக்கம் இருக்கும், அம்பது தாண்டுனா மெதுவா 90 பக்கம் திரும்பும். இமையோட இறுக்கம் கொறையறதும் ஒரு காரணம்னு சொல்வாங்க. இது வருஷக்கணக்குல நடக்கற மாற்றம், இதுக்கு பயம் வேணாம்.

ஆனா புது சிலிண்டர முழுசா ஒரே தடவையில போட்டுடாதீங்க. தரை சாஞ்சா மாதிரி தெரியும், பாட்டிங்க படி எறங்க பயப்படுவாங்க, அப்புறம் கண்ணாடி பீரோவுக்குள்ள போயிடும். லென்ஸ் மாத்தி மாத்தி போட்டு பாக்கற ட்ரையல் ஃப்ரேம போட்டு வராண்டாவுல பத்து நிமிஷம் நடக்க விடுங்க, தலை சுத்துதுன்னா கொஞ்சம் கொறைச்சு குடுங்க.

டார்ச் அடிச்சு பாக்காம பவர் எழுதறது

வயக்காட்டுலயும் கட்டட வேலையிலயும் வெயில்ல நிக்கறவங்களுக்கு மூக்கு பக்கத்துல இருந்து சதை வளந்து கருவிழி மேல ஏறும். அது கார்னியாவ அந்தத் திசையில தட்டையாக்கி சிலிண்டர உண்டாக்கும். அறுவது வயசு விவசாயிக்கு ஒரு கண்ணுல மட்டும் 180ல 3 சிலிண்டர் வந்தா முதல்ல டார்ச்ச எடுங்க. சதைய எடுத்தா சிலிண்டர் நல்லாவே எறங்கும், அதுக்கு முன்னாடி காஸ்ட்லியான கண்ணாடி எழுதறது அவரு கூலிய வீணாக்கறது.

கண்புரை ஆபரேஷன் முடிஞ்ச வாரமே கண்ணாடி எழுதறது

காயம் ஆறி பவர் நிக்கட்டும். ஒரு மாசம், ஒன்றரை மாசம் பொறுங்க.

"வளந்தா சரியாகிடும்"னு சொல்றது

கைக்குழந்தைங்களுக்கு சிலிண்டர் இருந்து முதல் ரெண்டு மூணு வருஷத்துல கொறையறது நெஜம்தான். அதையே ஆறு வயசு புள்ளைக்கும் சொல்லிடறாங்க. அந்த வயசுல 2, 3 சிலிண்டர கண்ணாடி போடாம விட்டா மூளை தெளிவான உருவத்த பாத்தே பழகாது, சோம்பேறிக் கண்ணாயிடும், இருபது வயசுல எந்த கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. கண்ணோட ஃபோகஸ தளர்த்தற சொட்டு ஊத்தி பவர் பாருங்க, நாள் முழுக்க போடச் சொல்லுங்க. பொன்னாங்கண்ணி உடம்புக்கு நல்லது, கார்னியா வளைவ அது மாத்தாது, கண் பயிற்சியும் மாத்தாது, பாட்டிங்ககிட்ட மரியாதையா இத சொல்லிடுங்க.

லேசிக்குக்கு கான்டாக்ட் லென்ஸ் கழட்டுன கையோட ரீடிங் எடுக்கறது

லேசிக்னா லேசர்ல கார்னியா வடிவத்த மாத்தி பவர போக்கற ஆபரேஷன். லென்ஸ் கழட்டுன ஒடனே எடுத்தா லென்ஸ் அழுத்துன வடிவம்தான் பதிவாகும். சாஃப்ட் லென்ஸ்னா ஒண்ணு ரெண்டு வாரம், டோரிக்னா (சிலிண்டருக்கான கான்டாக்ட் லென்ஸ்) ரெண்டு வாரம், ஆர்ஜிபினா இன்னும் கூடுதலா கழட்டி வெச்சுட்டு வரச் சொல்லுங்க, கல்யாண தேதி நெருங்கிடுச்சுனு எவ்ளோ அவசரப்படுத்துனாலும். கெரட்டோகோனஸ் லேசா இருக்கற கண்ணுல லேசிக் பண்ணிட்டா கார்னியா இன்னும் வேகமா தள்ளிகிட்டு வரும்.