பிஎஸ்ஏ பார்க்கிற தங்க நனோ சென்சர், எங்கட லாப்பிலை செய்யிற விதம்

ப்ரொஜெக்டுக்கு பயோசென்சர் எடுத்திருக்கிற தம்பி தங்கச்சியவைக்கு இதை எழுதுறன். புரொஸ்டேட் கான்சருக்கு ரத்தத்திலை பார்க்கிறது பிஎஸ்ஏ எண்ட புரதம், வழமையா மில்லிலீற்றருக்கு 4 நனோகிராமுக்கு மேலை போனால் டொக்டர் மேற்கொண்டு செக் பண்ணச் சொல்லுவார். ஆனா அது கான்சருக்கு மட்டும் ஏறிறதில்லை, வயசான ஆக்களுக்குச் சுரப்பி பெருத்தாலும் கிருமி தொற்றினாலும் ஏறும், அதாலை 4க்கும் 10க்கும் இடையிலைதான் கனபேர் குழம்பி நிக்கினம். உங்கட சென்சர் அந்த இடத்திலை பிழைக்காமல் வாசிக்கோணும்.

முதல்ல தங்கத் துணிக்கை, 1951இலை டர்கெவிச் ஆக்கள் காட்டின முறைதான். 1 மில்லிமோலர் குளோரோஓரிக் அசிட் 20 மில்லியைக் கொதிக்க விட்டு, கலக்கிக்கொண்டே 1% ட்ரைசோடியம் சிட்ரேட் 2 மில்லியை ஒரே தரத்திலை ஊத்துங்கோ. மஞ்சள் நிறம் போய், கருநீலமாகி, பேந்து நல்ல வைன் சிவப்பா வரும், ஸ்பெக்ட்ரோமீற்றர்லை 520 நனோமீற்றர் பக்கம் பீக் நிக்கோணும். பாத்திரம் கழுவ கிணத்துத் தண்ணி வேண்டவே வேண்டாம், எங்கட தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளாலை வாறது, கல்சியமும் உப்பும் கனக்க, அது மிஞ்சியிருந்தால் துணிக்கையள் ஒண்டோடொண்டு ஒட்டி சிவப்பு நீலமாப் போயிடும். கடைசிக் கழுவல் டீஅயனைஸ்ட் தண்ணியிலைதான்.

அந்தச் சிவப்புத் தண்ணியிலை சில மைக்ரோலீற்றரை ஸ்க்ரீன் பிரிண்டட் கார்பன் எலெக்ட்ரோட்டிலை விட்டுக் காய விடுங்கோ. பிறகு கார்பொக்சில் முனை உள்ள தையோல் (தங்கத்திலை ஒட்டிக்கொள்ளுற கந்தகச் சேர்மம்), மேர்கப்டோஅண்டெகனோயிக் அசிட் மாதிரி ஒண்டு, இரவு முழுக்க. அடுத்தது ஈடிசியும் என்எச்எஸ்சும், அன்ரிபொடியை, அதாவது பிஎஸ்ஏயைப் பிடிக்கிற புரதத்தை, அந்தக் கார்பொக்சில் முனையோட பிணைக்கிற ரசாயனங்கள். இங்கைதான் கனபேருக்கு அன்ரிபொடி ஒட்டாமல் போறது, ஏனெண்டால் ஈடிசிக்கு ஈரம் ஆகாது. ஃப்ரீசர்லை இருந்து எடுத்த போத்தலைக் குளிரோட திறந்தால் எங்கட புழுக்கத்திலை உள்ளுக்கை தண்ணி கட்டிப்போடும், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கோ, கரைசலும் பாவிக்கிற நேரம்தான் கரைக்கோணும்.

அன்ரிபொடியை விட்டு ஒரு மணித்தியாலம் மூடின பெட்ரி டிஷ்ஷிலை ஈர ரிஷ்யூ துண்டோட வையுங்கோ, சொட்டுக் காய்ஞ்சால் புரதம் கெட்டுப்போகும். பேந்து மிச்ச இடத்தை 1% மாட்டு அல்புமினாலை மூடோணும். இந்தப் ப்ளொக்கிங்கை மட்டும் அவசரப்படுத்தாதீங்கோ, சீரத்திலை (ரத்தம் உறைஞ்ச பிறகு மிஞ்சிற தெளிநீரிலை) கிராம் கணக்கிலை அல்புமினும் இம்யூனோகுளோபுலினும் மிதக்குது, வெறுவெளி கிடந்தால் அதெல்லாம் வந்து குந்தி பிஎஸ்ஏ மாதிரியே சிக்னல் காட்டும்.

அளக்கிறதுக்கு ஃபெரி ஃபெரோ சயனைட் 5 மில்லிமோலர், டிபிவி (வோல்ற்றேஜைத் துடிப்புத் துடிப்பாக் குடுத்து மின்னோட்டத்தை அளக்கிற முறை) எடுங்கோ. பிஎஸ்ஏ பிடிபடப் பிடிபட எலெக்ட்ரோன் போற வழி அடைபட்டு பீக் குறையும். 0, 0.1, 1, 4, 10, 20 நனோகிராம், ஒவ்வொண்டுக்கும் புது எலெக்ட்ரோட் மூண்டு, செறிவை லொக் ஸ்கேல்லை போட்டால் கோடு நேரா வரும், சைபர் மட்டும் ப்ளாங்கா தனிய நிக்கும்.

பஃபர்லை (சீரம் இல்லாத வெறும் உப்புக் கரைசல்லை) நல்லா வந்தது எண்டு பேப்பரை எழுதத் தொடங்கிடாதீங்கோ. பெண்களின்ர சீரத்திலை பிஎஸ்ஏ இல்லாத மாதிரித்தான், எத்திக்ஸ் அனுமதி எடுத்து அதிலை தெரிஞ்ச அளவைக் கலந்து மீட்சி பாருங்கோ, அதாவது கலந்ததிலை எவ்வளவை சென்சர் திரும்ப வாசிக்குது எண்டு. சீரத்தைப் பத்து மடங்கு ஐதாக்கினால் 4 எண்டது 0.4 ஆகிடும், குறைஞ்ச அளவையும் பிடிக்கோணும் எண்டு சொல்லுறது இதுக்குத்தான். சுரப்பியை எடுத்த பிறகு 0.2ஐத் தாண்டி ஏறினால் வருத்தம் திரும்புதோ எண்டு பார்ப்பினம், அங்கையும் இது உதவும்.

ஏலுமெண்டால் ரெண்டாவது எலெக்ட்ரோட்டிலை ஃப்ரீ பிஎஸ்ஏக்கான, அதாவது ரத்தத்திலை வேறை புரதத்தோட ஒட்டாமல் தனியத் திரியிற பிஎஸ்ஏக்கான, அன்ரிபொடி போடுங்கோ. 4 முதல் 10 வரை வாற ஆளுக்கு ஃப்ரீ பங்கு 10 வீதத்துக்குக் கீழை எண்டால் சந்தேகம் கூடும், 25க்கு மேலை எண்டால் குறையும். என்னைக் கேட்டால் இந்த ஒண்டுதான் உண்மையிலை ஒரு ஐயாவை தேவையில்லாத பயொப்சியிலை (சுரப்பியிலை இருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கிறதிலை) இருந்து காப்பாத்தும்.

லாப்பிலை வாற நம்பரை ஆருக்கும் ரிப்போர்ட்டா சொல்லாதீங்கோ. வீட்டிலை அப்பாவோ அப்பப்பாவோ சலம் போகக் கஷ்டப்பட்டால் வெக்கப்படாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.