திரும்பி வந்த கட்டுரையை ஸ்குயர் நெறிமுறையால் திருத்திய என் அனுபவம்

அம்பாசமுத்திரம் பக்கத்து மருத்துவமனை ஒன்றில், சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தோம். அதைப் பற்றி எழுதிய கட்டுரையோ, என்ன நடந்தது என்பது புரிகிறது, ஏன் நடந்தது என்பது புரியவில்லை என்ற குறிப்புடன் ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தது. மருந்து ஆய்வுக்குரிய வார்ப்பில், முன் சராசரி, பின் சராசரி என்று இரண்டே எண்களில் முடித்ததுதான் என் பிழை.

மருத்துவச் சேவையை மேம்படுத்தும் முயற்சிகளைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று வழிகாட்டும், 2015-இல் வெளியான ஸ்குயர் (SQUIRE) 2.0 நெறிமுறையின் 18 தலைப்புகளை எதிரே வைத்துக்கொண்டு மீண்டும் எழுதினேன். ஏன் தொடங்கினோம், என்ன செய்தோம், என்ன கண்டோம், அதன் பொருள் என்ன என்ற நான்கு கேள்விகளே அதன் அடித்தளம். என்னை மிகவும் உழைக்க வைத்தது ‘சூழல்’ என்னும் பகுதி. எங்கள் நோயாளிகளில் பலர் பீடி சுற்றும் பெண்கள்; சுற்றியதைக் கடையில் ஒப்படைத்துவிட்டு ஒரே பேருந்தில் மொத்தமாக வந்து இறங்குவார்கள் என்பதையும், அதனால்தான் டோக்கன் முறை முதல் சுற்றில் தோற்று, ரத்தம் எடுக்கும் நேரத்தை மாற்றிய பிறகே பலித்தது என்பதையும் முதல் வரைவில் நான் எழுதவே இல்லை. மூத்த செவிலியர் அக்கா ஒருவர் சொல்லித்தான் அந்தக் காரணம் எங்களுக்கே தெரிந்தது. அவரை அருகில் அமர்த்திக்கொண்டே அப்பகுதியை எழுதினேன்.

சராசரிகளுக்குப் பதிலாக, எந்த வாரத்தில் எந்த மாற்றம் செய்தோம் என்று குறித்த வாராந்திர வரைபடத்தைச் சேர்த்தேன். எல்லாத் தலைப்புகளையும் கருத்தில் கொள்ள வேண்டும், எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை என்று நெறிமுறையே சொல்வது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. திருத்திய வரைவு ஏற்கப்பட்டது.