ரிட்டயர் ஆனப்புறம் நாள எப்படி நிரப்புறது? ஒரு நோட்டுல இருந்து ஆரம்பிங்க

ரிட்டயர் ஆகி முதல் ஒரு மாசம் நல்லா தான் இருக்கும், அலாரம் இல்ல, ஓட்டம் இல்ல. அதுக்கப்புறம் ஒரு நாள் காலைல பத்து மணிக்கு, இனி சாயங்காலம் வரைக்கும் என்ன பண்றதுன்னு மலைப்பா இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. எனக்கு ஒத்துவந்தத வரிசையா சொல்றேன், புதுசா ரிட்டயர் ஆனவங்க அப்படியே செஞ்சு பாருங்க.

ஸ்டெப் 1: ஒரு வாரம் சும்மா பாருங்க, எழுதுங்க

எடுத்தவுடனே டைம்டேபிள் போட வேணாம். ஒரு நோட்டு எடுத்து, உங்க துணை நாள் முழுக்க உங்களுக்காக என்னென்ன செய்றாங்கன்னு எழுதிட்டே வாங்க. பெருசா எதையும் தேடாதீங்க, மாத்திரை டப்பால அடுத்த வாரத்துக்கு அடுக்கி வைக்கிறது, நாம மறந்த போன சார்ஜ்ல போடுறது, மூக்குக்கண்ணாடிய துடைச்சு கைக்கு எட்டுற இடத்துல வைக்கிறது, பில் கட்ட கடைசி தேதி என்னைக்குன்னு ஞாபகம் வச்சிருக்கிறது, இந்த மாதிரி. எனக்கு முதல் நாளே ஒரு பக்கம் நிறைஞ்சிடுச்சு, இத்தன வருஷம் ஆபீஸ்ல இருந்ததால இதெல்லாம் என் கண்ணுல படவே இல்ல.

எதுக்கு எழுதணும், மனசுலயே வச்சுக்கலாமேன்னு கேக்கலாம். 1979ல மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 37 தம்பதிகள்ட்ட வீட்டு வேலைல உங்க பங்கு எவ்ளோன்னு தனித்தனியா கேட்டாங்க, ரெண்டு பேர் சொன்னதையும் கூட்டினா பெரும்பாலான ஜோடிகளுக்கு மொத்த வேலையவிட அதிகமா வந்துச்சு. யாரும் பொய் சொல்லல, அவங்கவங்க செஞ்சது தான் அவங்கவங்களுக்கு சட்டுனு ஞாபகம் வருது. அதனால தான் நோட்டு.

ஸ்டெப் 2: ஒரே ஒரு வேலைய முழுசா வாங்கிக்குங்க

இது தான் முக்கியம். "ஹெல்ப் பண்ணட்டுமா"ன்னு நிக்காதீங்க, என்ன பண்ணணும்னு சொல்ற வேலையும் சேந்து அவங்க தலைல தான் விழும். துணி துவைக்கிறத எடுத்துக்கிட்டீங்கன்னா சோப்புத்தூள் தீரப்போகுதான்னு பாக்குறதுலருந்து, மழை வருமான்னு யோசிச்சு காயப்போட்டு, மடிச்சு, அவங்க எப்பவும் வைக்கிற தட்டுலயே கொண்டுபோய் வைக்கிற வரைக்கும் உங்க பொறுப்பு. ஆனா எந்த வேலைய விட்டுக்குடுக்க இஷ்டம்னு முதல்ல கேளுங்க. நான் கேக்காம அலமாரிய மாத்தி அடுக்கினேன், அவங்களுக்கு அது ரொம்ப வருத்தமா போச்சு, அவங்க வருஷக்கணக்கா ஒரு ஒழுங்குல வச்சிருந்தது அது.

ஸ்டெப் 3: நாளுக்கு மூணே மூணு விஷயம்

காலைல நடை, மத்தியானம் கைய வச்சு செய்ற வேலை ஏதாவது ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு பேரும் சேந்து உக்காருற நேரம். அவ்ளோ தான், மிச்சத்த காலியாவே விடுங்க, அவசரமில்லாம இருக்கத்தானே ரிட்டயர் ஆனோம்.

65 தாண்டினவங்க வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமா உடம்ப அசைக்கணும், அதோட 3 நாளாவது பேலன்ஸ், தசை வலுவுக்கான பயிற்சியும் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வாரத்துல அஞ்சு நாள் நடந்தா தினம் 30 நிமிஷம். முட்டி வலி, நெஞ்சு பிரச்சன இருக்கிறவங்க டாக்டர்ட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. பகல்ல ரொம்ப நேரம் தூங்காதீங்க, ராத்திரி தூக்கம் போயிடும்.

ஸ்டெப் 4: என்ன செஞ்சாங்கன்னு சொல்லி நன்றி சொல்லுங்க

வெறும் தேங்க்ஸ் பத்தாது. நோட்டுல இருந்து ஒரு வரிய எடுத்து அதையே சொல்லுங்க. "நேத்து என் கண்ணாடிய துடைச்சு வச்சிருந்தியே, காலைல எழுந்ததும் தேட வேண்டியிருக்கல"ன்னு நான் முதல் தடவ சொன்னப்ப அவங்க ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு "அதெல்லாம் கவனிக்கிறீங்களா"ன்னு மட்டும் கேட்டாங்க. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. தினமும் சொல்லணும்னு இல்ல, மனசுல பட்ட அன்னைக்கு சொல்லுங்க.

ஸ்டெப் 5: மாசம் ஒருக்கா நோட்ட திருப்பி பாருங்க

எந்த வரி அவங்ககிட்ட இருந்து உங்ககிட்ட வந்திருக்குன்னு பாத்து, அத அடிச்சுட்டு அடுத்தத எடுங்க. நான் மாத்திரை டப்பா வரிய அடிச்சாச்சு, இப்ப ஞாயித்துக்கிழம ராத்திரி அவங்க டப்பாவையும் சேத்து நான் தான் அடுக்குறேன், அவங்க பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருப்பாங்க.