பிடியில் காப்பு விசை கொண்ட சிறு ரிவோல்வரின் பூர்வீகத்தை அறியும் முறை

தாத்தாவின் பழைய கோவையில் "ஸ்மித் அண்ட் வெசன், .38" என்று, அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பனியின் பெயரும் தோட்டாவின் அளவும் கொண்ட குறிப்பை மட்டும் கண்டு அதன் வரலாற்றைத் தேட விரும்பும் கொழும்பு வாசகர், முதலில் அனுமதிப்பத்திரம் இவ்வாண்டுக்குச் செல்லுபடியானதா என்பதைப் பார்க்க வேண்டும். இல்லையெனில் ஆயுதத்தைத் தொடாமல் பொலிசாருக்கு அறிவிப்பதே முறை. ஆய்வுக்குப் பழைய புகைப்படங்களே பெரும்பாலும் போதும்.

தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல் வெளியே தெரியாமலும், பிடியின் பின்விளிம்பில் உள்ளங்கை அழுத்துவதற்கான நீண்ட உலோகத் தகடு இருந்தும், தோட்டா உருளை பக்கவாட்டில் வெளியே திறந்தால், அது பெரும்பாலும் சென்டெனியல் வகையே. குழல் முன்பக்கம் மடங்கித் திறந்தால், அது அதன் முன்னோடியான, 1887 முதல் 1940 வரை தயாரிக்கப்பட்ட சேஃப்டி ஹேமர்லெஸ். பழைய பட்டியல்களில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது மிக எளிது.

ஹொரஸ் ஸ்மித்தும் டேனியல் வெசனும் 1852இல் கூட்டுச் சேர்ந்ததன் நூற்றாண்டையொட்டி 1952இல் வெளிவந்ததால் இதற்குச் சென்டெனியல் எனப் பெயர் வந்தது. 1950இல் அதே கம்பனியின் சீஃப்ஸ் ஸ்பெஷல் ரிவோல்வருடன் அறிமுகமான, ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் 'ஜே' எனப்படும் சிறு அளவு உடற்சட்டகத்தில், பழைய பிடிக்காப்பை மீண்டும் பொருத்தியதே இதன் புதுமை. பிடியை இறுகப் பற்றி அந்தத் தகட்டை அழுத்தாவிட்டால் சுடும் விசை இயங்காது. இந்தக் காப்பை விரும்பாதோருக்காக, தகட்டை அழுத்திய நிலையிலேயே நிறுத்திவைக்கும் சிறு ஊசியொன்றையும் கம்பனியே பிடிப்பலகைக்கு அடியில் வைத்து அனுப்பியது. தன் சிறப்பம்சத்தை முடக்கும் கருவியைத் தானே சேர்த்துக் கொடுத்த தயாரிப்பு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. அந்த ஊசி இன்னும் இருந்தால், சேகரிப்போர் அதைப் பெரிதாக மதிப்பார்கள்.

1957இல் பெயர்களுக்குப் பதிலாக மாதிரி இலக்கங்கள் வந்தன: எஃகுச் சட்டகம் கொண்டது 40, இலேசான அலுமினியக் கலவைச் சட்டகம் கொண்டது 42. உருளையைத் தாங்கும் கை மூடும் இடத்தில் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அது காணப்படாவிட்டால் போலி என்று முடிவுசெய்யக் கூடாது. இலக்கமுறைக்கு முந்தியதாக இருக்கலாம். முதல் தயாரிப்பு 1974இல் நின்றது; 1990இல் வந்த 640ஆம் இலக்க மாதிரியில் பிடிக்காப்பே இல்லை.

பிடியின் அடியிலுள்ள தொடரிலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, ஸ்மித் அண்ட் வெசன் வரலாற்று அறக்கட்டளையிடம் கடிதம் கேட்கலாம். தொழிற்சாலையிலிருந்து அனுப்பிய நாளும் முதலில் பெற்ற வணிகரின் பெயரும் அதில் இருக்கும். அதற்குப் பிந்திய கைமாற்றங்களுக்குக் குடும்பத்தின் அனுமதிப்பத்திரக் கோவையையும், அக்காலத்து இறக்குமதி விளம்பரங்களுக்குக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் பழைய நாளிதழ்களையும் புரட்ட வேண்டும்.